காந்தமும் எலும்புச் சீழும்: 250 வருடக் கதை

டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பி.காம். மூன்றாம் வருடம். காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு ஒத்துவராத நேரங்களில் இப்படி எதையாவது நோண்டுவது வழக்கம். வைத்தியம் வேண்டுபவர்கள் எலும்பு டாக்டரிடம் போகவும். கதை வேண்டுபவர்கள் உட்காரவும்.

கேள்வி சின்னதுதான். எலும்புக்குள் புகுந்து சீழ் வைக்கும் கிருமியைக் காந்தம் ஏதாவது செய்யுமா? 'செய்யும்' என்றால் கத்தி இல்லாமல், ஊசி இல்லாமல் காரியம் முடிந்தது. 'செய்யாது' என்றால் இத்தனை வருடமாக இத்தனை பேர் எதை விற்றார்கள்? பதிலைத் தேடிப் போனால் இரண்டு தனித்தனிக் கதைகள் கிடைத்தன. ஒன்று காந்தத்தின் கதை, இன்னொன்று சீழின் கதை. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதன் பிறகுதான் சந்தித்துக்கொண்டன. அதனால் முதலில் தனித்தனியாகவே சொல்லிவிடுகிறேன்.

காந்தத்தின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் மெஸ்மர். வியன்னா டாக்டர். 1774-இல் ஒரு பெண் நோயாளிக்கு இரும்பு கலந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வயிற்றிலும் கால்களிலும் காந்தங்களைக் கட்டினார். உடம்புக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார் அந்தப் பெண். நோவும் குறைந்தது. கொஞ்ச நாளில் மெஸ்மர் அடுத்த கட்டத்துக்குப் போனார். காந்தக் கல்லே தேவையில்லை, அந்தச் சக்தி என் உடம்பிலேயே இருக்கிறது, கையை அசைத்தாலே போதும் என்றார். எங்கள் பாஷையில் சொன்னால் மூலப்பொருள் செலவு பூஜ்ஜியம். 1778-இல் பாரிஸுக்குப் போய்க் கடை விரித்தார். கூட்டம் அலைமோதியது.

1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள்: அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலின் தந்தை லவாய்சியர், வானியலாளர் பெய்லி, டாக்டர் கில்லட்டின். (ஆமாம், கில்லட்டின் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே கில்லட்டின்தான். பத்தே வருடத்துக்குள் லவாய்சியர், பெய்லி இருவர் தலையும் அந்த இயந்திரத்தில்தான் போனது. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.)

குழு செய்த வேலை எளிமையானது. ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மெஸ்மரின் சிஷ்யர் 'காந்தம் ஏற்றினார்'. பிறகு இந்தச் சக்திக்கு உடனே வசப்படுவான் என்று அவரே தேர்ந்தெடுத்த 12 வயதுப் பையனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். முதல் மரத்திலேயே பையனுக்கு வியர்த்தது. நான்காவது மரத்தில் மயங்கி விழுந்தான். ஆனால் காந்தம் ஏற்றிய மரம் அது இல்லை!  கண்ணை மறைத்துவிட்டுச் சோதிப்பது என்ற யோசனை மருத்துவத்தில் காலூன்றியது இந்த மாதிரிச் சோதனைகளில்தான். இந்தக் கண்கட்டு பின்னால் இன்னொரு முறை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தவர் எலிஷா பெர்கின்ஸ், அமெரிக்காவில் கனெக்டிகட் டாக்டர். வலிக்கிற இடத்தில் தேய்த்தால் நோயை இழுத்து வெளியே போட்டுவிடும் என்று சொல்லி, சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு உலோகக் குச்சிகளுக்கு 1796-இல் காப்புரிமை வாங்கினார். மகன் லண்டனில் ஒரு ஜோடியை 5 கினி விலைக்கு விற்றார். 1799-இல் ஜான் ஹேகார்த் என்ற டாக்டர் பாத் நகரில், மரத்தில் அதே வடிவில் குச்சி செய்து உலோகம் மாதிரி வர்ணம் பூசி ஐந்து வாத நோயாளிகளுக்குத் தேய்த்துப் பார்த்தார். நாலு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் உண்மையான உலோகக் குச்சியில் தேய்த்தபோதும் அதே மாதிரிதான் சொன்னார்கள். குச்சிகள் காந்தம் இல்லைதான், ஆனால் வியாபாரம் அதே வியாபாரம். சரக்கு எது என்பது முக்கியமில்லை, சரக்கைச் சுற்றியிருக்கும் கதைதான் விலை போகிறது.

(நம்ம ஊர் காந்தச் செந்தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சித்த மருத்துவத்தில் அது புடம் போட்டு உள்ளுக்குக் கொடுக்கும் இரும்பு மருந்து. காந்தப் புலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

இப்போது சீழின் கதை.

எலும்பில் சீழ் பிடிப்பது என்பது மனிதன் இருக்கும் காலத்திலிருந்து இருக்கிற நோய். 'ஆஸ்டியோமைலிட்டிஸ்' என்ற பெயர் மட்டும் புதிது. 1844-இல் நெலாட்டன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. காரணம் கிருமி என்று தெரிய இன்னும் 36 வருடம் ஆனது. 1880-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுமியின் எலும்பிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்தார். தோலில் வரும் கொப்புளத்தில் பார்த்த அதே உருண்டைக் கிருமிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. உடனே அவர் சொன்னது, இந்த நோய் எலும்புக்குள்ளே வந்த கொப்புளம் என்று. டாக்டர் அல்லாத எனக்கும் உனக்கும் புரிகிற மாதிரி இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

அதே 1880-இல் ஸ்காட்லாந்தில் அபெர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு, கட்டியைக் கீறும்போதெல்லாம் வருகிற சீழை எடுத்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். திராட்சைக் குலை மாதிரி இருந்ததால் 1882-இல் அதற்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 'ஸ்டெஃபிலே' என்றால் கிரேக்கத்தில் திராட்சைக் குலை. 1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர், பொன்னிறத்தில் வளரும் வகைக்கு 'ஆரியஸ்' என்று அடைமொழி சேர்த்தார். லத்தீனில் பொன் என்று அர்த்தம். எலும்புச் சீழில் இன்றைக்கும் முதல் குற்றவாளி இந்தப் பொன்னிறத்தான்தான்.

கொப்புளம் தோலில் வந்தால் உடையும், காயும், போகும். எலும்பில் அப்படி இல்லை. எலும்பு விரிந்து கொடுக்காது. உள்ளே சீழ் சேரச் சேர அழுத்தம் ஏறி ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாத எலும்பு செத்துப்போகும். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது என்றால் ரத்தத்தில் கலந்து போகிற மருந்தும் போகாது. கிருமி அந்தச் செத்த துண்டில் வாடகை கொடுக்காமல் வருடக்கணக்கில் குடியிருக்கும். வெளியே புண் ஆறின மாதிரி தெரியும், பிறகு திடீரென்று ஒரு நாள் துளை விழுந்து சீழ் வழியும். அந்தக் காலத்தில் செய்ய முடிந்தது, திறந்து, சுரண்டி, முடியாவிட்டால் காலையே எடுப்பது.

இதற்கு நடுவில் வில்லியம் பேயர் என்ற அமெரிக்க மருத்துவர் கதை ஒன்று உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. முதல் உலகப் போரில் தொடை எலும்பு உடைந்து ஏழு நாள் கவனிப்பாரில்லாமல் களத்தில் கிடந்த இரண்டு சிப்பாய்களைத் தூக்கி வந்தார்கள். சட்டையைக் கழற்றினால் புண் முழுக்கப் புழு. ஆனால் காய்ச்சல் இல்லை. புழுக்களைக் கழுவிவிட்டுப் பார்த்தால் அடியில் ஆரோக்கியமான இளஞ்சிவப்புச் சதை! பத்து வருடம் கழித்து அவர் எலும்புச் சீழ் பிடித்த குழந்தைகளுக்குப் புழுவை வளர்த்து விட்டு வைத்தியம் பார்த்தார். 1931-இல் அவர் இறந்த பிறகு அந்தக் கட்டுரை வெளிவந்தது. செத்த திசுவை மட்டும் தின்றுவிட்டு நல்லதை விட்டுவிடும் ஒரு ஜீவனைத் தேடிப் போகும் அளவுக்கு இந்த நோய் மருத்துவர்களைப் படுத்தியிருக்கிறது.

1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளிக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். இனி ஸ்டெஃபிலோகாக்கஸ் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. பெனிசிலினுக்கு மசியாத வகைகள் உடனே முளைத்தன. அதற்காகவே கண்டுபிடித்த மெத்திசிலினையும் எதிர்க்கும் வகை இங்கிலாந்தில் 1961-இலேயே தென்பட்டுவிட்டது. இன்னொரு பக்கம் நாமே கிருமிக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தோம். எலும்பு முறிவுக்குப் பிளேட், ராடு. 1962-இல் ஜான் சார்ன்லி வெற்றிகரமாகச் செய்து காட்டிய செயற்கை இடுப்பு மூட்டு. உலோகத்துக்கு ரத்தம் ஓடாது, நோய் எதிர்ப்பு கிடையாது. கிருமி அதில் ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு போர்வை நெய்துகொள்ளும். பயோஃபிலிம் என்று பெயர். குளியலறை பக்கெட்டை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழுக்குமே, அதே சமாச்சாரம். அந்தப் போர்வைக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லச் சாதாரண அளவு மருந்து போதாது. 1987-இல் அந்தோணி கிரிஸ்டினா என்ற மருத்துவர் இதை ஒரு ஓட்டப்பந்தயம் என்றார். உலோகத்தின் மேல் முதலில் இடம் பிடிப்பது உடம்பின் செல்லா, கிருமியா என்பதுதான் போட்டி. நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது தெரியுமில்லையா? துண்டு விழுந்துவிட்டால் அப்புறம் பேசிப் பயனில்லை. டாக்டர்கள் பல நேரம் பிளேட்டையே கழற்ற வேண்டி வருவது இதனால்தான்.

இப்போது காந்தம் ஏன் ஆசை காட்டுகிறது என்று புரியும். மருந்து போகாத இடம், கத்தி போகக் கூடாத இடம். ஆனால் காந்தப் புலம் தோல், சதை, எலும்பு எதையும் கேட்காமல் ஊடுருவிப் போகும். இது பொய் இல்லை, இயற்பியல். போன இடத்தில் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு கதைகளும் சந்தித்த இடம் எலும்புதான், ஆனால் கிருமி வழியாக அல்ல. 1957-இல் ஜப்பானில் ஃபுகாடா, யசுடா என்ற இருவர், எலும்பை அழுத்தினால் அதில் மின்சாரம் உண்டாகிறது என்று அளந்து காட்டினார்கள். கேஸ் அடுப்பு லைட்டரில் பட்டனை அமுக்கினால் பொறி வருகிற அதே தத்துவம். உடனே ஒரு யோசனை கிளம்பியது. அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்றால், மின்சாரம் கொடுத்தால் எலும்பு வளருமா? கம்பியை எலும்பில் குத்தித்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831-இலேயே காட்டியிருந்தார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாசெட் குழு 1974-இல் காலுக்கு வெளியே கம்பிச் சுருளை வைத்துத் துடிப்புத் துடிப்பாகக் காந்தப் புலம் கொடுத்து, எலும்பு கூடுவதை வேகப்படுத்தலாம் என்று எழுதியது. 1979-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., கூடாத எலும்பு முறிவுகளுக்கு இந்தக் கருவியை அனுமதித்தது.

இங்கே ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: 'மாறிக்கொண்டே இருக்கும்'. சும்மா வைத்த காந்தம் மின்னோட்டத்தைத் தூண்டாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தமும் இந்தக் கருவியும் பெயரில் மட்டும்தான் சொந்தம்.

அனுமதி கிடைத்தது, வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் ஹேகார்த்தின் மரக்குச்சி மாதிரி ஒரு சோதனை அதுவரை நடக்கவில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த அந்தோணி பார்க்கர் குழு அதைச் செய்து 1984-இல் வெளியிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு கூடாத 16 பேர். 9 பேருக்கு வேலை செய்யும் கருவி, 7 பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு: அசல் கருவியில் 5 பேருக்கு எலும்பு கூடியது. டம்மியிலும் 5 பேருக்கு! எல்லோருக்கும் மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றாமல் மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்திருந்தார்கள். அந்த ஓய்வே பாதி வைத்தியம். ஃபிராங்க்ளின் தோட்டத்துக் கண்கட்டு 200 வருடம் கழித்து மறுபடியும் வேலை செய்தது.

சரி, எல்லாம் பொய் என்று கடையை மூட முடியுமா என்றால் அதுவும் முடியாது. 1990-இல் ஷரார்ட் என்ற மருத்துவர், கூடத் தாமதமாகும் 45 முறிவுகளில் இதே மாதிரி டம்மி வைத்துச் சோதித்தபோது அசல் கருவிக்குச் சாதகமாக வித்தியாசம் தெரிந்தது. பார்க்கர் குழுவின் 1984 கட்டுரையில் பெயர் இருந்த அதே ஷரார்ட். 'வேலை செய்யவில்லை' என்று ஒரு முறை கையெழுத்துப் போட்டவரே இன்னொரு முறை 'செய்கிறது' என்று எழுதுகிறார். இந்த வரலாறு முழுவதிலும் நான் மரியாதை வைத்திருக்கும் ஆட்களில் இவரும் ஒருவர்.

கிருமிக்கு வருவோம். காந்தத்துக்குக் கிருமி அசையுமா? சில அசையும்! 1963-இல் இத்தாலியில் பாவியா நகரத்தில் சால்வதோரே பெல்லினி, ஒரே திசையாக நீந்திப் போகும் பாக்டீரியாக்களைப் பார்த்து எழுதி வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், சேற்றிலிருந்து எடுத்த துளியில் கிருமிகள் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்குவதைக் கவனித்தார். வெளிச்சமோ என்று மறைத்துப் பார்த்தார், இல்லை. காந்தத்தைக் கொண்டுபோனதும் அத்தனையும் திரும்பின. அவற்றின் உடம்புக்குள் காந்த இரும்பு மணிகள் வரிசையாக, திசைகாட்டி முள் மாதிரி. ஆனால் அவை குளத்துச் சேற்றில் வாழ்பவை. நம் எலும்புப் பொன்னிறத்தானிடம் அந்த மணி கிடையாது. அவனுக்கு இரும்பு தேவைதான், ரத்தத்திலிருந்து திருடிக்கொள்வான். அதற்காகக் காந்தத்துக்கு ஓடி வரமாட்டான்.

ஸ்டெஃபிலோகாக்கஸை நேரடியாகக் காந்தத்தில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1962-இல் பார்நோதி தம்பதியும் கெரென்ச்சரும், வலுவான, இடத்துக்கு இடம் வேறுபடும் காந்தப் புலத்தில் கிருமி வளர்ச்சி தடைபடுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1992-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓலோமோட்ஸ் நகரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் ஈ.கோலையையும் 4 டெஸ்லா வரை நிலைக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். (ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.) வளர்ச்சியிலும் மாற்றமில்லை, மருந்துக்கு மசிவதிலும் மாற்றமில்லை. 2001-இல் வந்தது இன்னும் வேடிக்கை. வலுக்குறைந்த நிலைக் காந்தத்தின் பக்கத்தில் வளர்ந்த ஈ.கோலை, மருந்தை முன்னைவிட அதிகமாகத் தாங்கியது. அதாவது நடந்தால், கிருமிக்குச் சாதகம்!

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம். பைக் விபத்தில் காலில் பிளேட் வைத்த என் மாமாவுக்கு ஏழாவது மாதம் அந்த இடத்தில் சீழ் பிடித்தது. மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே, தெரிந்தவர் ஒருவர் காந்த மெத்தை விற்க வந்துவிட்டார். ஆளைச் சேர்த்தால் கமிஷன் வகை வியாபாரம். விலை ஆபரேஷன் செலவைவிட அதிகம். 'ரத்தத்தில் இருக்கிற இரும்பைக் காந்தம் இழுக்கும், ஓட்டம் கூடும், கிருமி தானா செத்துடும்' என்று அவர் பேசப் பேச அத்தை முகம் தெளிந்துகொண்டே வந்தது. 'நீதான் காலேஜ் படிக்கிறே, நீ சொல்லுடா தம்பி' என்றார் அத்தை. நான் சொன்னது இரண்டுதான். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி மாதிரி இல்லை அத்தை, காந்தம் இழுக்காது. இழுக்குமானால் எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒருத்தரும் உயிரோடு வரமாட்டார்கள். இரண்டாவது, மெத்தை வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் எலும்பு சாகும். மெத்தைக்காரர் என்னை முறைத்துவிட்டுப் போனார். பிளேட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, ஆறு வாரம் ஊசி போட்டார்கள். மாமா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டுப்போன இன்னொன்றின் மதிப்பு. காந்த மெத்தையால் பக்கவிளைவு இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரங்களை எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குள் வேறு பாதையில் போய்விட்டார்கள். காந்தம் தனியாகக் கொல்லுமா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, மருந்தோடு சேர்ந்து கைகொடுக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1992-இல் காஸ்டர்டன் குழு, லேசான மின்சாரம் பாய்ச்சினால் பயோஃபிலிமுக்குள் இருக்கும் கிருமிகளைக் குறைந்த மருந்திலேயே கொல்லலாம் என்று காட்டியிருந்தது. 1994-இல் யூட்டாவில் மின்சாரத்துக்குப் பதில் காந்தப் புலத்தையும் ஜென்டமைசினையும் சேர்த்து சூடோமோனாஸ் கிருமியின் பயோஃபிலிமில் சோதித்தார்கள். மருந்தின் வேகம் கூடியது. 2003-இல் நாட்டிங்காமில் பிக்கரிங், பேஸ்டன், ஸ்கேமெல் மூவரும் எலும்பு மருத்துவத்துக்கு இன்னும் நெருக்கமாக வந்தார்கள். உலோக முளைகளில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸின் பயோஃபிலிமை வளரவிட்டு, எலும்பு கூட வைக்கப் பயன்படும் அதே துடிப்புக் காந்தப் புலத்தை மருந்தோடு கொடுத்தார்கள். ஜென்டமைசினுக்கு வலு கூடியது. வான்கோமைசினுக்கு உறுதியாகச் சொல்லும்படி கூடவில்லை. ஒரே கிருமி, ஒரே புலம், மருந்து மாறினால் விடை மாறுகிறது. 'காந்தம் கிருமியைக் கொல்லும்' என்று நோட்டீஸ் அடிக்கிறவர் இந்த வரியை எந்த மூலையில் அச்சடிப்பார்?

கடைசியாக வந்த பாதைதான் எனக்கு வியப்பு. அதில் காந்தம் கிருமியைத் தொடுவதே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் நெருப்பு இல்லை, வேகமாக மாறும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டி அந்த உலோகத்தையே சூடாக்குகிறது. காலுக்குள் இருக்கும் உலோக மூட்டையும் அப்படியே வெளியிலிருந்து சூடாக்கினால்? ஒட்டிக்கொண்டிருக்கும் பயோஃபிலிம் வெந்துபோகும். நெதர்லாந்தில் லெய்டனிலும் அமெரிக்காவில் டெக்சஸிலும் இரண்டு குழுக்கள் இதே யோசனையைச் செய்து பார்த்து 2017-இல் ஆய்வகக் கட்டுரைகள் வெளியிட்டன. இவ்வளவு காலம் கிருமிக்கு வீடாக இருந்த உலோகமே அதற்குத் தோசைக்கல் ஆகிவிட்டது.

சிக்கல் என்னவென்று உங்களுக்கே தோன்றியிருக்கும். தோசைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பது உயிருள்ள எலும்பு. கிருமி வேகும் சூட்டில் எலும்புச் செல்லும் வேகும். அதனால் டெக்சஸ் குழு நீண்ட நேரம் சூடாக்குவதை விட்டுவிட்டு, சில விநாடி சூடு, ஆறவிடு, மறுபடி சில விநாடி என்று துண்டு துண்டாகக் கொடுத்து, கூடவே ஆண்டிபயாடிக்கும் கொடுத்துப் பார்த்தது. அந்த முடிவுகளில், சூடு தனியாகச் செய்ததைவிட, மருந்து தனியாகச் செய்ததைவிட, இரண்டும் சேர்ந்தபோது கிருமி எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. லெய்டன் குழுவும் 2020-இல், இந்தச் சூட்டோடு ஆண்டிபயாடிக்கும், சளியைக் கரைக்கக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் மருந்தும் சேர்ந்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் பயோஃபிலிமே துடைத்தெறியப்படுகிறது என்று ஆய்வகத் தட்டில் காட்டியது. அதாவது கிருமியின் போர்வையை இளக்க, இருமலுக்குக் கொடுக்கும் மருந்து! இதெல்லாம் ஆய்வகத்தில் உலோகத் துண்டுகளின் மேல் நடந்தவை. நிஜமான கால் ஒன்றில் மூட்டின் வளைவுகளுக்கு ஏற்ப எல்லா இடத்திலும் ஒரே சூடு வரும்படி சுருளை வடிவமைப்பதுதான் பொறியாளர்களுக்குப் பெரிய வேலை. மெக்கானிக்கல் படிக்கும் நம் வகுப்புப் பக்கத்து பிளாக் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம், இதோ இருக்கிறது.